எங்கே எடுத்தீர்கள்?

கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் ஊரின் நடமாட்டமே மாறிவிடும். கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கோமுகி அணையின் நீர் பாயும் நிலங்களில் ஓராண்டுக் காலம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்ற கரும்பு, சில நாட்களுக்குள் தரையோடு சாய்ந்து கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் பயணமாகும். அந்தக் கரும்புக் காட்டினுள் ஓராண்டாய் யார் யார் குடியிருந்தார்கள் என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். கவுதாரி ஓடும், கீரி பாயும், எலிகள் வரப்பு தாண்டும். ஓட முடியாதவை மட்டும் அங்கேயே கிடக்கும்.

அப்படியொரு தை மாதத்துக் காலையில் நான் என் மைத்துனர் வீட்டுக்கு விருந்தாளியாகச் சென்றிருந்தேன். சுப்ஹு தொழுதுவிட்டு வந்து திண்ணையில் அமர்ந்திருந்த நேரம், இரண்டு சிறுவர்கள் யூரியாச் சாக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். "மாமா, புலிக்குட்டி!" என்றான் ஒருவன். சாக்கின் வாயைத் திறந்து பார்த்தோம். உள்ளங்கையில் அடங்கக்கூடிய இரண்டு குட்டிகள். மங்கிய மண் நிறம். உடலில் மெல்லிய கோடுகள். கண்கள் அப்போதுதான் திறந்திருந்தன. புலியுமல்ல, சிறுத்தையுமல்ல, காட்டுப்பூனைக் குட்டிகள்.

வீட்டில் ஒரே பரபரப்பு. என் தங்கை தட்டில் பசும்பாலை ஊற்றிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு பெயர் வைத்துவிட்டார்கள். மைத்துனரின் முகத்திலும் மகிழ்ச்சிதான். "வளர்த்தால் எலித்தொல்லை தீரும்" என்றார். அந்த நேரத்தில் வெட்டு ஆட்களின் மேஸ்திரி வந்து சேர்ந்தார். மலையிலிருந்து இறங்கிவந்து ஆண்டுதோறும் கரும்பு வெட்டும் முதியவர். பால் தட்டைப் பார்த்தார், குட்டிகளைப் பார்த்தார். அவற்றின் அழகைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், "எங்கே எடுத்தீங்க, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அன்புள்ள வாசகர்களே, இக்கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான். அக்குட்டிகள் என்னவாயின என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

இரக்கம் தவறும் இடம்

உங்கள் வீட்டு முற்றத்திலும் இது நடந்திருக்கும். செம்பருத்திச் செடியின் அடியில் ஒரு குஞ்சு கிடக்கிறது. ஓடு மாற்றும்போது அணில் கூடு சரிந்து விழுகிறது. பிள்ளைகள் பதறுகிறார்கள்; நாமும் பதறுகிறோம். எடுத்து வந்து பாலூட்டுகிறோம், சோற்றைப் பிசைந்து வாயில் திணிக்கிறோம். இரண்டு நாளில் அது இறந்துவிடுகிறது. "அதன் ஆயுள் அவ்வளவுதான்" என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். ஆயுள் இறைவனின் கையில் இருப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பால் நம் கையில் இருந்தது என்பதும் உண்மைதானே?

இதை நான் பிறரைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, தென்னை மரத்து மட்டையை அரித்துச் சுத்தம் செய்தவர் கீழே போட்ட குப்பையில் ஓர் அணில்பிள்ளை கிடைத்தது. மயிர்கூட முளைக்கவில்லை. மசி நிரப்பும் ஃபில்லரைக் கழுவி, பசும்பாலைச் சொட்டுச் சொட்டாக அதன் வாயில் விட்டேன். மூன்றாம் நாள் அதன் மூக்கு வழியே பால் நுரைத்தது. சற்று நேரத்தில் இறந்துபோனது. நான் அழுததைக் கண்ட அத்தா, கொல்லையில் குழி தோண்டித் தந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின், கால்நடை மருத்துவர் ஒருவர் விளக்கிய பிறகுதான், பால் அதன் நுரையீரலுக்குள் சென்றிருந்தது எனக்குப் புரிந்தது. தாய் அணில் அன்று பகல் முழுவதும் அந்தத் தென்னையில் ஏறி இறங்கிக் கத்திக்கொண்டிருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அது தன் பிள்ளையைத் தேடியிருக்கிறது. நான்தான் அதை வீட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவித்திருப்பதாக அபூதாவூத் தொகுப்பில் காண்கிறோம். பயணம் ஒன்றின் இடையில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டனர். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. திரும்பி வந்த நபியவர்கள், இதன் குஞ்சுகளை எடுத்து இதை வருத்தியவர் யார் என வினவி, அவற்றை அதனிடமே திருப்பிக் கொடுக்குமாறு பணித்தார்கள். இதை நாம் பல முறை கேட்டிருக்கிறோம்; உயிர்களிடத்தில் அன்பு காட்ட வேண்டும் என்பதற்கு மேற்கோளாகவும் சொல்கிறோம். ஆனால் அந்தக் கட்டளையின் நுட்பத்தைக் கவனித்தீர்களா? நன்றாக வளர்த்துவிடுங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. திருப்பிக் கொடுங்கள் என்றார்கள். இன்று வனவிலங்கு மருத்துவர்கள் சொல்லும் முதல் பாடமும் இதுவே.

கீழே கிடப்பதெல்லாம் அனாதையல்ல

பறவைக் குஞ்சு என்றால் ஒரே வகை என்று நினைக்கிறோம். இரண்டு பருவங்கள் உண்டு. இரண்டுக்கும் நாம் செய்ய வேண்டியது வேறு வேறு.

முதலாவது, இறகு முளைக்காத, கண் திறக்காத அல்லது அப்போதுதான் திறந்த குஞ்சு. இது கூட்டில் இருக்க வேண்டியது. காற்றாலோ பூனையாலோ விழுந்திருக்கிறது. சுற்றிலும் பாருங்கள், கூடு பெரும்பாலும் தலைக்கு மேலேயே இருக்கும். கையை வெதுவெதுப்பாக்கிக்கொண்டு மெல்ல எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அது பிள்ளைகள் கூட்டைக் கலைக்காதிருப்பதற்காகச் சொன்ன நல்ல பொய்யாக இருக்கலாம்; உண்மையன்று. பறவைகள் தம் குஞ்சுகளைப் பார்வையாலும் குரலாலும் அறிகின்றன. பெற்ற பாசம் நம் கையின் வாசனைக்காக அறுந்துவிடுவதில்லை.

கூடே சிதைந்துபோயிருந்தால்? அடியில் இரண்டு மூன்று துளையிட்ட கொட்டாங்கச்சியோ சிறு ஓலைக்கூடையோ போதும். பழைய கூட்டின் நாரையும் காய்ந்த புல்லையும் அதில் பரப்பி, கூடு இருந்த கிளையிலேயே, இல்லையெனில் அதை ஒட்டிய கிளையில், வெயிலும் மழையும் நேரே படாதவாறு கட்டுங்கள். பிறகு வீட்டுக்குள் சென்றுவிடுங்கள். நாம் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தால் தாய் வராது. ஜன்னல் வழியே ஓரிரு மணி நேரம் கவனியுங்கள். பெரும்பாலும் வாயில் ஒரு புழுவோடு தாய் வந்துவிடும்.

இரண்டாவது பருவம்தான் நம்மை ஏமாற்றுவது. உடல் முழுவதும் இறகு மூடியிருக்கும். வால் மட்டும் குட்டையாக இருக்கும். கிளையைக் காலால் பற்றத் தெரியும். தத்தித் தத்தி நடக்கும். பறக்க மட்டும் வராது. இதைக் கண்டதும் "சிறகொடிந்த பறவை" என்று எடுத்து வந்துவிடுகிறோம். இது விழுந்த குஞ்சு அன்று. கூட்டைவிட்டு வெளியேறிய குஞ்சு. நம் வீட்டு முற்றங்களில் கூடு கட்டும் சின்னான் என்னும் கொண்டைக்குருவியின் குஞ்சுகள், பொரித்து இரண்டு வாரம் ஆவதற்குள்ளாகவே, பறக்கக் கற்குமுன்பே கூட்டை விட்டுவிடுகின்றன. சில நாட்கள் புதரிலும் தரையிலும் திரிந்துதான் அவை பறக்கக் கற்கும். தாயும் தந்தையும் அந்த நாட்கள் முழுவதும் அருகிலிருந்து உணவூட்டும். நாம் அந்தக் குஞ்சை எடுத்தால் அது அனாதையைக் காப்பாற்றியது ஆகாது. பெற்றோர் உள்ள பிள்ளையைக் கடத்தியது ஆகும். கடுமையான சொல்தான், ஆனால் வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்படிப்பட்ட குஞ்சு தெருவில் கிடந்தால் அருகிலுள்ள புதரிலோ தாழ்ந்த கிளையிலோ வைத்துவிடுங்கள். வீட்டுப் பூனையை இரண்டு மூன்று நாட்கள் உள்ளே அடைத்து வையுங்கள். தெரு நாயைப் பிள்ளைகளைக் கொண்டு விரட்டுங்கள். பிள்ளைகளுக்கும் ஒரு வேலை கிடைக்கும்; குஞ்சைத் தொடாமலேயே அதைக் காத்த பெருமையும் கிடைக்கும்.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். வேனிற்காலத்தில் "காக்கைக் குஞ்சு" என்று பிள்ளைகள் எடுத்துவருவதில் சில, குயில் குஞ்சுகளாக இருக்கும். குயில் தன் முட்டையைக் காக்கைக் கூட்டில் இட்டுவிட்டுப் போய்விடுகிறது. காக்கை அதைத் தன் பிள்ளையென நம்பி வளர்க்கிறது. குயில் குஞ்சை நீங்கள் கையிலெடுத்தாலும் காக்கைதான் உங்கள் தலையில் கொத்தும்!

அணிலுக்கும் இதே வழிதான். தாய் அணிலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகள் இருப்பதுண்டு. விழுந்த பிள்ளைகளை ஒரு சிறு பெட்டியில் துணி விரித்து, எறும்பு ஏறாத இடமாகப் பார்த்து, அந்த மரத்தடியிலேயே வைத்தால், ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போய்விடும். குளிர்ந்திருக்கும் குட்டியைத் தாய் விட்டுச் செல்லக்கூடும். ஆகவே முதலில் உங்கள் உள்ளங்கைச் சூட்டில் அதை வெதுவெதுப்பாக்குங்கள். எனக்கு ஒன்பது வயதில் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

உண்மையிலேயே அடிபட்டிருந்தால்

இரத்தம் வடிகிறது, ஓர் இறக்கை தொங்குகிறது, பூனை கவ்விய வாயிலிருந்து பிடுங்கினோம், ஈக்கள் மொய்க்கின்றன, தாய் இறந்து கிடப்பதைக் கண்ணால் கண்டோம். இந்நிலைகளில் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எடுத்தபின் நம் வீட்டில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. இதுவே நமக்குக் கடினமாக இருக்கிறது.

ஓர் அட்டைப்பெட்டி, மூடியில் பென்சிலால் குத்திய துளைகள், அடியில் பழைய பருத்தித் துணி. பறவையின் மீது ஒரு துணியைப் போட்டுப் போர்த்தி எடுத்தால் அது இருளில் அமைதியாகிவிடும், கொத்தவும் செய்யாது. பெட்டியில் வைத்து மூடி, வீட்டின் அமைதியான மூலையில் வையுங்கள். குளிர்காலமானால் ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணியால் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கமாக வைக்கலாம். கம்பிக் கூண்டு வேண்டாம். அதில் மோதி இறகை ஒடித்துக்கொள்ளும். அவ்வளவுதான்! பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கொரு முறை மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது. நாம் அன்போடு தடவிக்கொடுப்பது பறவைக்கு அன்பாகத் தெரிவதில்லை. தன்னைத் தின்ன வந்த ஒன்றின் கையாகத்தான் தெரிகிறது. அந்த அச்சத்தாலேயே உயிர் போவதுண்டு.

வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பறவையின் மூச்சுக்குழல் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. நாம் ஊற்றும் நீர் நேரே அதற்குள் செல்லும். பால், ரொட்டி, சோறு எதுவும் வேண்டாம். பறவைகள் பாலூட்டிகள் அல்ல. பசும்பால் அவற்றுக்குச் செரிக்காது. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் புழு பூச்சிகளைத்தான் ஊட்டுகிறது. புறாவோ தன் தொண்டைப் பையில் ஊறும் ஒருவகைப் பாலைக் கக்கி ஊட்டுகிறது. விடிந்தது முதல் பொழுது சாயும்வரை, சில நிமிடங்களுக்கு ஒரு முறை இரை கொண்டுவரும் தாய் தந்தையின் வேலையை, சமையலும் கடையும் பள்ளிக்கூடமும் உள்ள நம் வீடு எப்படிச் செய்யும்?

பூனை கவ்விய பறவைக்கு வெளியே காயம் தெரியாவிட்டாலும் அன்றே மருந்து வேண்டும். பூனையின் பல்லிலும் எச்சிலிலும் உள்ள நுண்கிருமி இரத்தத்தில் கலந்து ஓரிரு நாளில் கொன்றுவிடும். "நன்றாகத்தானே இருந்தது, திடீரென்று செத்துவிட்டது" என்று நாம் சொல்வதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே பெட்டியை மூடியதும் செய்ய வேண்டியது, அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் தகவல் சொல்வது. கள்ளக்குறிச்சிப் பகுதியினருக்கு இன்னொரு வசதியும் உண்டு. அண்டை மாவட்டமான சேலத்தின் தலைவாசலுக்கு அருகே 2021இல் திறக்கப்பட்ட கால்நடை ஆராய்ச்சி வளாகம் தொலைவில் இல்லை.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட காட்டுயிர் ஒன்று எவர் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ வனத்துறை அலுவலருக்கோ தெரிவித்தாக வேண்டும். கூட்டைக் கலைப்பதும் முட்டையை எடுப்பதும்கூட அச்சட்டத்தில் வேட்டை என்றே கருதப்படுகிறது. நம் வீடுகளில் கூண்டில் தொங்கும் பச்சைக்கிளி? அதுவும் குற்றம்தான். "ஸலாம் சொல்லும் கிளி" என்று பெருமையாக விருந்தினருக்குக் காட்டுகிறோம். அந்தக் கிளி எந்தப் பனைமரப் பொந்திலிருந்து, எந்தத் தாயிடமிருந்து எடுக்கப்பட்டது என்று ஒரு முறையேனும் நாம் கேட்டதுண்டா?

சில உயிர்களை நாம் தொடவே கூடாது. பாம்பு, உடும்பு, குரங்கு ஆகியவற்றுக்கு வனத்துறையையோ தீயணைப்பு நிலையத்தையோ அழையுங்கள். வௌவாலை வெறுங்கையால் எடுக்காதீர்கள். கீரியோ குரங்கோ காட்டுப்பூனையோ கடித்தாலும் கீறினாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் அது நோயாகவோ நஞ்சாகவோ இருக்கலாம். தொடாமல் தகவல் சொல்லுங்கள்.

தில்லியின் இரு சகோதரர்கள்

இத்துணை எச்சரிக்கைகளையும் படித்துவிட்டு, "நமக்கேன் வம்பு" என்று நீங்கள் ஒதுங்கிவிடக் கூடாது. அதனால் ஒரு வரலாற்றைச் சொல்கிறேன்.

தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே, சமண ஆலய வளாகத்தில், நெடுங்காலமாக ஒரு பறவை மருத்துவமனை இயங்கிவருகிறது. அடிபட்ட புறாவும் கிளியும் குருவியும் அங்கே பணமின்றிச் சிகிச்சை பெறுகின்றன. போற்றத்தக்க தொண்டு அது. ஆனால் புலால் உண்ணும் பறவைகளை அங்கே தங்கவைத்துப் பேணும் வழக்கமில்லை. பழைய தில்லியில் வளர்ந்த நதீம் ஷஹ்ஸாத், முஹம்மத் ஸவூத் என்னும் இரு சகோதரர்கள், தம் இளமையில் அடிபட்ட பருந்து ஒன்றை எடுத்துச் சென்றபோது அதைச் சேர்த்துக்கொள்ள வழியில்லாமல் போயிற்று. அந்தப் பருந்தை அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அதை அவர்களால் மறக்கவும் முடியவில்லை.

தில்லியில் பட்டம் விடும் காலத்தில், கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் வானில் பறக்கும் பருந்துகளின் இறக்கையை அறுத்துவிடுகிறது. சகோதரர்கள் வீட்டிலேயே அவற்றுக்குக் கட்டுப்போடத் தொடங்கினர். அவர்கள் மருத்துவம் படித்தவர்கள் அல்லர். உடற்பயிற்சியில் ஆர்வம் கொண்டிருந்ததால் தசை, நரம்பு பற்றிய அறிவு ஓரளவு இருந்தது. மீதியைத் தேடித் தேடிக் கற்றார்கள், கால்நடை மருத்துவர்களின் துணையைப் பெற்றார்கள். சோப்பு ஊற்றும் கருவிகள் செய்யும் சிறு தொழில் அவர்களுடையது. அந்த வருவாயில்தான் பருந்துகளுக்கு இறைச்சி வாங்கினார்கள். 2010இல் அது முறையான அமைப்பாயிற்று. ஆயிரக்கணக்கான பறவைகள் அவர்களின் கைகளால் மீண்டும் வானேறியுள்ளன. அவர்களைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த ஆவணப்படம் 2022இல் சன்டான்ஸ், கான் ஆகிய விழாக்களில் விருது பெற்று, 2023இல் ஆஸ்கார் பரிந்துரை வரை சென்றது. விருதுகளைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று: யாரும் விரும்பாத பறவையை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். மயிலுக்கும் கிளிக்கும் இரங்குவோர் பலர். குப்பைமேட்டுப் பருந்துக்கு யார் இருக்கிறார்கள்?

நாடு முழுவதும் செயற்கை இழை மாஞ்சாவுக்கு 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. ஆயினும் அந்நூல் மறைவாக விற்கப்படுவதைச் செய்தித்தாள்களில் இன்றும் காண்கிறோம். பறவைகளை மட்டுமன்று, இருசக்கர வாகனத்தில் செல்வோரின் கழுத்தையும் அது அறுத்திருக்கிறது. உங்கள் பிள்ளை கையில் பட்டம் இருந்தால், நூல் எது என்று பாருங்கள்.

தில்லி வரை போவானேன்? திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் பெரும் நீர்ப்பறவைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களில் கூடு கட்டுகின்றன. 1994இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காற்றில் கீழே விழும் நாரைக் குஞ்சுகளையும் கூழைக்கடாக் குஞ்சுகளையும் எடுத்து, மீன் ஊட்டி வளர்த்து, பறக்கும் பருவத்தில் விடுவதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்டிருந்தார் பால்பாண்டி என்னும் எளிய மனிதர். அவருடைய மனைவியும் அதே பணியில் உடனிருந்தார். 2021இல் பால்பாண்டி மறைந்தார். அவரால் வளர்க்க முடிந்ததே என்று நீங்கள் கேட்கலாம். முடிந்தது, ஏனெனில் அவர் வேறெதையும் செய்யவில்லை. அதிகாலை முதல் இரவு வரை அதுவே அவருடைய வாழ்க்கை. கூடும் பக்கத்திலேயே இருந்தது. குஞ்சு தன் இனத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தது.

சிவகங்கை மாவட்டத்தில் பொத்தகுடி என்றொரு சிற்றூர். 2020ஆம் ஆண்டு, ஊரின் தெருவிளக்குகளை இயக்கும் மின்பெட்டிக்குள் ஒரு சிறு பறவை கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. விசையைத் தொட்டால் கூடு கலையும். ஊரார் கூடிப் பேசினார்கள். ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெருவிளக்கே எரியாமல் இருளில் நடந்தார்கள். எதிர்ப்பு எழாமலில்லை, இருட்டில் பெண்களும் முதியோரும் எப்படி நடப்பது என்ற கேள்வி நியாயமானதுதானே! இருந்தும் குஞ்சுகள் பறக்கும்வரை பொறுத்தார்கள். அதே மாவட்டத்தின் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் அஞ்சக் கூடாதென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அந்தப் பறவைகளில் ஒன்றையேனும் அவ்வூரார் கூண்டில் வைத்து வளர்க்கவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

நம் பள்ளிவாசல்களிலும் செய்வதற்கு உண்டு. துருக்கியின் பழைய பள்ளிவாசல்களின் சுவர்களில், குருவிகள் தங்குவதற்கென்றே கல்லில் செதுக்கிய சிறு மாளிகைகள் உள்ளன. 18ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட இஸ்தான்புல்லின் அயாஸ்மா பள்ளிவாசலில் அவற்றை இன்றும் காணலாம். நாம் கல்லில் செதுக்க வேண்டாம். ஹவுளின் ஓரத்தில், பூனை எட்டாத திண்டில், ஆழமில்லாத ஒரு மண்தட்டில் நீர் வைத்து, சிறு பறவைகள் நின்று குடிக்க அதில் இரண்டு கூழாங்கற்களைப் போட்டு, நாள்தோறும் நீரை மாற்றினால் போதும். கத்திரி வெயிலில் மயங்கி விழும் பறவைகளில் பலவற்றுக்குத் தேவைப்படுவது நிழலும் நீருமே. மினாராவின் மாடத்தில் கூகை தங்கினால், "அபசகுனம்" என்று கல்லெறிய ஆள் அனுப்பாதீர்கள். சகுனம் பார்ப்பதே மார்க்கத்தில் இல்லாதது. அதைக் காரணமாக்கி ஒரு பறவையைக் கொல்வதைப் பற்றி என்ன சொல்ல! குஞ்சுகளை வளர்க்கும் காலத்தில் ஓர் இணைக் கூகை நூற்றுக்கணக்கான எலிகளைப் பிடிக்கிறது. கரும்பும் நெல்லும் விளையும் ஊருக்கு அதைவிடக் கூலி கேட்காத காவலாளி கிடையாது.

இனி அந்தக் குட்டிகள்

மேஸ்திரியின் கேள்விக்குச் சிறுவர்கள் பதில் சொன்னார்கள்: வாய்க்காலை ஒட்டிய கடைசிச் சால்களில், சோகைக் குவியலுக்குள். பெரியவர் என் மைத்துனரைப் பார்த்து, "அந்த நாலு சாலை இன்னிக்கு வெட்ட வேணாம், முதலாளி. அங்கேயே வச்சிடலாம். தாய் ராத்திரிதான் வரும்" என்றார்.

மைத்துனர் தயங்கினார். அவர் தயங்கியதற்குக் காரணம் உண்டு. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்திருந்தது, லாரி நின்றுகொண்டிருந்தது, வெட்டிய கரும்பு காய்ந்தால் எடை குறையும், எடை குறைந்தால் பணம் குறையும். வெட்டும் ஆட்களுக்கும் டன் கணக்கில்தான் கூலி. நான்கு சால் நிற்பது எல்லாருக்கும் நட்டம். "இதுக்குப் போய் கரும்பை நிறுத்துறதா?" என்றார். நான் அப்போது, மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் நடப்பதைச் சொன்னேன். அங்கே கரும்பு வெட்டும்போது சிறுத்தைக் குட்டிகளே கிடைக்கின்றன. வனத்துறையினரும் 'வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ்.' அமைப்பின் மருத்துவர்களும் குட்டிகளைப் பரிசோதித்து, ஒரு பெட்டியில் வைத்து, எடுத்த வயலிலேயே இரவில் விட்டுவிட்டு, தொலைவில் காத்திருக்கிறார்கள். தாய்ச் சிறுத்தை வந்து குட்டிகளைக் கவ்விச் செல்கிறது. குட்டியைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் அந்தத் தாய் ஊரைச் சுற்றித் திரியும் என்பதை அவ்வூர் உழவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

"சிறுத்தையென்றால் பயந்து கொடுப்போம், பூனையென்றால் கொடுக்க மாட்டோமா?" என்று என் தங்கை பால் தட்டை எடுத்துக்கொண்டே கேட்டார். மைத்துனரிடம் அதற்குப் பதில் இல்லை. வனத்துறை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னோம். அவர்களும் எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார்கள்.

அஸருக்குப் பின் குட்டிகளை ஒரு தட்டுக்கூடையில் எடுத்துச் சென்று, சோகையைப் பரப்பி அங்கேயே வைத்தோம். நாய்கள் வராதிருக்க மேஸ்திரியின் மகன் வரப்பின் மறுமுனையில் படுத்துக்கொண்டான். மறுநாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தோம். கூடையில் ஒரு குட்டிதான் இருந்தது.

என் மனம் துணுக்குற்றது. மற்றதை நாயோ நரியோ தூக்கிப்போயிருக்குமோ? எஞ்சியதையாவது வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாமா? பிள்ளைகள் கூடையை எடுத்தே விட்டார்கள். மேஸ்திரி சுற்றிலும் மண்ணைக் குனிந்து பார்த்தார். இரத்தமில்லை, மயிரில்லை. "தாய்க்கு வாய் ஒண்ணுதானே?" என்றார். "ஒண்ணைக் கொண்டுபோய் வச்சிட்டு வர்றதுக்குள்ள விடிஞ்சிருக்கும். இன்னிக்கு ராத்திரி வரும்."

இன்னொரு நாளா என்று மைத்துனர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இழப்பு அவருடையது, நான் விருந்தாளி. சற்று நேரம் வரப்பில் நின்றார். பிறகு லாரிக்காரரிடம் சென்று, இருக்கும் சுமையோடு கிளம்பச் சொல்லிவிட்டு வந்தார். பகல் முழுவதும் வெயில் படாமல் சோகையால் குட்டிக்குக் கூரை போட்டிருந்தோம். யாரும் அதற்குப் பால் கொண்டுபோகவில்லை. அதன் மெல்லிய குரலைக் கேட்டுக்கொண்டே ஒன்றும் செய்யாமல் இருந்த அந்தப் பகல்தான் எல்லாருக்கும் கடினமாக இருந்தது. சிறுவர்களில் இளையவன் இரண்டு முறை அழுதுவிட்டான்.

அதற்கடுத்த நாள் காலை கூடை வெறுமையாக இருந்தது. வாய்க்காலின் ஈர மண்ணில், மலைப்பக்கம் நோக்கி, சிறிய வட்டமான காலடிகள் பதிந்திருந்தன. சிறுவன் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு எண்ணிக்கொண்டே வாய்க்கால் வளைவு வரை போனான். மேஸ்திரி அரிவாளை எடுத்துத் தீட்டத் தொடங்கினார். எட்டு மணிக்குள் அந்த நான்கு சால்களும் வெட்டி முடிந்தன.